உறுமாத பெட்டி

கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்த புதிதில், என் கணவருக்குப் பேசுவதே பிடிக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் கிரேன்களுக்கு மின்சார வேலை பார்ப்பவர். வேலை முடிந்து வந்தால் கைகால் கழுவிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்காருவார். கேட்டதற்கு மட்டும் பதில். காத்திவாக்கத்தில் என் பிறந்த வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், நான் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுவோம். யார் கேட்கிறார்கள் என்ற கவலையே கிடையாது. இங்கே நான் சொன்ன கதையெல்லாம் சுவரில் பட்டு என்னிடமே திரும்பி வந்தது. குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கூடவே வருகிறார். சிலர் சுபாவம் அப்படி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அவருக்கு நன்றாகவே பேச வரும் என்று தெரிந்தது ஒரு பிளேயர் வந்த பிறகுதான். எழுபதுகளின் தொடக்கம் அது. கப்பலில் சமையல் வேலை பார்த்த ஒருவன் கடலில் வீச இருந்த இசைத்தட்டுப் பிளேயரை இவர் கேட்டு வாங்கி வந்தார். தட்டு சுற்றியது, முள் நன்றாக இருந்தது. ஆனால் சத்தத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர் அதில் இல்லை. வீட்டிலிருந்த பழைய ரேடியோவில் கம்பியை மாட்டிப் பாட வைத்தார். பாட்டு வந்தது. பாட்டோடு ஓர் உறுமலும் வந்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் உறுமல் மட்டும் தனியாக நின்று உறுமிற்று.

எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. அவருக்கு முகமே சுருங்கிவிட்டது.

"நாள் பூரா கிரேன் சத்தத்துல நின்னுகினு கீறேன். வூட்லயும் எதுக்கு?" என்றார். "நானே ஒண்ணு கட்டப் போறேன். சத்தமும் நல்லா வரணும். பாட்டு நின்னா எதுவுமே கேக்கக் கூடாது. செத்த மாதிரி இருக்கணும்."

அவர் அத்தனை வார்த்தைகளைச் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் பேசுவாரா என்று பார்த்தேன். அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது.

"அது டிரான்ஸ்பார்மரு உறுமுறது. தகடு லூசா கீது."

பின்கட்டு அக்கா கையில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். எங்கள் காம்பவுண்டில் குடித்தனங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே குழாய், ஒரே முற்றம். பின்கட்டுப் போர்ஷனில் இவள் தனியாக இருந்தாள். என்னைவிடச் சில வயது மூத்தவள், கல்யாணம் ஆகவில்லை. திருவொற்றியூரில் டிரான்ஸ்பார்மர் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் காயில் சுற்றும் வேலை. இரும்புத் தகடுகளுக்கு நடுவே வைக்கும் செம்புக் கம்பிச் சுருளைத்தான் காயில் என்பார்கள். அதுவரை அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், குழாயடியில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள் என்பதுதான்.

"தகடு லூசுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் இவர்.

"சத்தத்துலயே தெரியும். உப்புக் காத்துல துருப் புடிச்சு வுட்டுப்போச்சு. இந்த ஊர்ல வார்னிஷ்ல முக்காத டிரான்ஸ்பார்மர வாங்குறவன இன்னா சொல்றது."

இவர் எழுந்துவிட்டார். உள்ளே வாருங்கள் என்று அழைத்தார். அவள் குடத்தை வாசலில் வைத்துவிட்டு வந்தாள். ரேடியோவின் பின்பலகையைக் கழற்றி இரண்டு பேரும் குனிந்தார்கள். நான் காபி போட்டேன். காபி ஆறும்வரை பேசினார்கள். ஆறிய பிறகும் பேசினார்கள். கண்ணாடிக் குழல் வால்வு போடுவதா, டிரான்சிஸ்டரா என்று பேச்சு. டிரான்சிஸ்டர் போட்டால் சூடு கம்மி, உறுமலும் கம்மி என்று அவள். வால்வில்தான் பாட்டு பாட்டாக இருக்கும் என்று இவர். நடுவில் இவர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு புதிது. மேல் பல்வரிசையில் ஒரு பல் லேசாகத் திரும்பியிருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச்சுக்குக் குறைவே இல்லை. அவள் வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேராக எங்கள் வாசலுக்கு வருவாள். கதவை விரியத் திறந்து வைத்துத்தான் பேசுவார்கள், நானும் கூடவேதான் இருப்பேன். தப்பாகச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் எனக்கு எரிந்தது. காம்பவுண்டுப் பெண்கள் எல்லோரும் இவரை அண்ணே என்பார்கள். அவள் ஒரு நாளும் அண்ணே என்றதில்லை, தம்பி என்றதில்லை. "இந்தா பாரு" என்றுதான் ஆரம்பிப்பாள். அவளுக்கு என்ன முறை என்று யோசித்து யோசித்து என் பருப்பு அடிப்பிடித்தது.

சாமான் வாங்க மூர் மார்க்கெட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பூசை முடிந்து மூன்று பேரும் போனோம். இவர்தான் என்னையும் கூப்பிட்டார், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் சந்துக்குள் நுழைந்ததும் அவர்கள் இரண்டு பேரும் முன்னால், நான் பையோடு பின்னால். பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பரப்பிய கடையில் அவள் கண்டென்சர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அடியில் ஏதாவது கசிந்திருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். கரண்ட்டில் வரும் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது அதுதானாம். அது நல்லதாக இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய வால்வு போட்டாலும் உறுமுமாம். இவர் ஒன்றை எடுத்துக் காட்டினார். "பளபளன்னு கீதுன்னு பாக்காத. எவ்ளோ நாளா கடையில தூங்குதோ," என்று அவள் பிடுங்கி வைத்தாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே இவரிடம் சொன்னார்:

"வூட்டுக்காரம்மா சொல்றத கேளு நைனா. அவங்களுக்குத் தெரியுது."

நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். இவர் அது காதில் விழாத மாதிரி வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையிலேயே விழவில்லையா என்று எனக்கு இன்றும் தெரியாது. அவளுக்கு விழுந்தது. கழுத்துவரை சிவந்துவிட்டாள். ஆனால் இல்லை என்று அவளும் சொல்லவில்லை.

"நான்தான் வூட்டுக்காரம்மா," என்றேன் நான்.

கடைக்காரர் என்னையும் பையையும் பார்த்தார். "அப்படியா தாயி. நல்லது," என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் வாய் திறக்கவில்லை. இவர் அதைக் கவனிக்கவும் இல்லை. அன்று வாங்கிய சோக்கை, உறுமலை அடக்கும் ஒரு கம்பிச்சுருளை, மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே எண்ணம். இவர் கட்டப் போகும் பெட்டியில் அவள் தேர்ந்தெடுத்தது அத்தனை இருக்கிறது. நான் தேர்ந்தெடுத்தது ஒன்றாவது இருக்க வேண்டும். இன்னும் ஸ்பீக்கர் வாங்கவில்லை என்று தெரியும். எனக்கு வால்வு தெரியாது, கம்பியின் கேஜ் கணக்கு தெரியாது. ஆனால் எங்கள் ஊர் டென்ட் கொட்டாய் தெரியும். காத்திவாக்கத்தில் கடற்கரை மணலில் உட்கார்ந்து படம் பார்க்கும்போது, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் வசனம் ஒரு எழுத்து விடாமல் கேட்கும். அலைச் சத்தத்தை மீறிக் கேட்கும். அந்தக் கொட்டாயை மூடப் போகிறார்கள் என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

பிறந்த வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். அண்ணன் எங்களுக்குத் தலைக் கிறிஸ்துமஸ் சீர் இன்னும் செய்யவில்லை. மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம் போடலாம் என்று இருந்தான்.

"கடியாரம் வாணாம்," என்றேன். "கொட்டாய்ல கீற ஸ்பீக்கர்ல ஒண்ணு வாங்கிக் குடு."

"சீருக்கு யாராவது ஸ்பீக்கர் குடுப்பாங்களா? உன் மாமியா வூட்ல சிரிக்க மாட்டாங்க?"

"சிரிச்சா சிரிக்கட்டும். அவருக்கு அதான் வோணும்."

அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். கழிமுகத்தில் பிடித்த நல்ல இறாலாக ஒரு கூடை எடுத்துக்கொண்டு கொட்டாய்க்காரர் வீட்டுக்குப் போனான். என்ன பேசினானோ, வரும்போது தோளில் ஸ்பீக்கர் இருந்தது. ஆட்டுரல் மாதிரி கனம். பின்னால் காந்தம் ஒரு கைக்குள் அடங்காது. உள்ளே பீடி நாற்றமும் மணலும். நான் ஊதி ஊதி மணலை எடுத்தேன். பழைய புடவையில் சுற்றிப் பஸ்ஸில் ஏற்றினேன்.

"இன்னாமே அது, அண்டாவா?" என்றார் கண்டக்டர்.

"ஸ்பீக்கரு."

"பாடுமா?"

"வூட்டுக்குப் போனா பாடும்."

ராயபுரத்தில் இறங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். வழியில் இரண்டு முறை இறக்கி வைத்து மூச்சு வாங்கினேன். வீட்டில் புடவையை அவிழ்த்ததும் இவர் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். "யாரு சொன்னா ஒனக்கு? யாரு சொன்னா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "எனக்கே தெரியும்," என்றேன். அன்று சாயங்காலம் முழுக்க நான் ராணி.

அவள் வரும்வரை.

அவள் வந்தாள், குனிந்தாள், காகிதக் கூம்பின் மேல் விரல் நுனிகளை வட்டமாக வைத்து மெல்ல அழுத்தினாள். காதை அருகில் கொண்டுபோய் உரசுகிறதா என்று கேட்டாள். குறை சொன்னால் சண்டைக்குப் போகலாம் என்று இருந்தேன்.

"ஷோக்கான ஸ்பீக்கரு," என்றாள். "யாரு புடிச்சது?"

"இவதான்," என்றார் இவர்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவரிடம் திரும்பினாள். "ஆனா இதுக்குக் காது ஜாஸ்தி. சின்ன உறுமல் இருந்தாக்கூட ஊருக்கே சொல்லிடும். நம்ம வேலை இன்னும் சுத்தமா இருக்கணும். இதுக்குன்னு தனியா அவுட்புட் டிரான்ஸ்பார்மரு சுத்தணும். கரண்ட் டிரான்ஸ்பார்மரையும் சேத்து நானே சுத்தறேன்."

நம்ம வேலை. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு ஓரத்தில் சின்னக் கிழிசல் இருக்கிறது என்று கண்டுபிடித்து, சிகரெட் பெட்டி உள்காகிதத்தின் மெல்லிய தாளைப் பிய்த்துக் கோந்து தடவி ஒட்டினாள். என் ஸ்பீக்கரிலும் அவள் கை பட்டாயிற்று.

அவள் சொன்னது சரியாகத்தான் போயிற்று. எல்லாவற்றையும் ஒரு பலகையில் மாட்டி முதல்முறை கரண்ட் கொடுத்தபோது, ஸ்பீக்கரிலிருந்து மெல்லிய உறுமல் வந்தது. பழைய ரேடியோவில் இதைவிடப் பத்து மடங்கு வந்தது. ஆனாலும் இவர் முகம் மறுபடி சுருங்கிப் போயிற்று. வால்வை மாற்றினார், கம்பிகளை முறுக்கி ஓரமாகக் கட்டினார், எர்த் கம்பிகளை எல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவந்து பற்றவைத்தார். உறுமல் குறைந்தது, போகவில்லை. கடைசியில் அவள்தான் சொன்னாள். கரண்ட் டிரான்ஸ்பார்மரும் சோக்கும் பிளேயருக்குப் பக்கத்தில் இருக்கும்வரை போகாது. அவற்றைத் தனிப் பெட்டியில் போட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் வைக்க வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் என் சமையலறை.

"வாணாம்," என்றேன்.

"ஒரு ஓரமா இருந்துட்டுப் போவுது," என்றார் இவர்.

"அங்க வாணாம்னா வாணாம். எனக்குன்னு கீறதே அந்த எடந்தான்."

இவர் பழையபடி ஊமையாகிவிட்டார். பலகையில் பாகங்கள் அப்படியே கிடந்தன. வேலைக்குப் போனார், வந்தார், சுவரில் சாய்ந்தார். நான் கேட்டதைத்தான் அடைந்திருந்தேன். அவளும் வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஆனால் அது எனக்கு இனிக்கவில்லை. அவள் இல்லாவிட்டால் இந்த வீட்டில் பேச்சும் இல்லை என்பது எனக்கே தெரிந்துபோனது இன்னும் மோசமாக இருந்தது.

ஒரு நாள் பகலில் குழாயடியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அவளுக்குப் பட்டறையில் கரண்ட் இல்லையென்று விடுமுறை. தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. குடம் நிறைகிற வழியாக இல்லை.

"அடுப்பாங்கரையில வெக்கறதுல உனுக்கு இன்னா பேஜாரு?" என்று அவளே ஆரம்பித்தாள். "சூடு ஆவாது. நல்லா சுத்தியிருக்கேன்."

"சூடு பத்தி இல்ல."

"அப்பறம்?"

நான் நேராகவே கேட்டுவிட்டேன். "அக்கா, உனக்கு அவர்மேல இன்னா?"

கோபப்படுவாள், சத்தம் போடுவாள், கர்த்தர்மேல் ஆணை வைப்பாள் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்து பார்த்தாள். தண்ணீர் அப்படியேதான் வந்தது.

"பேசப் புடிக்கும்," என்றாள். "பட்டறையில எட்டுப் பேரு சுத்தறோம். எவ்ளோ சுத்தினேன்னு கேப்பான் மொதலாளி. எப்படி சுத்தினேன்னு யாரும் கேட்டதில்ல. இவரு கேட்டாரு. அது புடிச்சிது. அதுக்கு மேல நான் நெனச்சதில்ல. நெனச்சிருந்தாலும் உன்னாண்ட சொல்ல மாட்டேன்."

பொய் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன்.

"நான் சுத்தினது எல்லாம் யாரு வூட்லயோ கீது," என்றாள். "ஒண்ணு பாடி நான் கேட்டதில்ல. இத்த கேக்கணும். அவ்ளோதான் தங்கச்சி. உன் எடம், வாணாம்னா வாணாம்."

குடம் பாதிகூட நிறையவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பாவம் என்று எனக்குத் தோன்றியது என்று சொன்னால் நன்றாக இருக்கும். தோன்றவில்லை. "அவரு கேட்டாரு" என்று அவள் சொன்னதுதான் நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது. என்னிடம் அவர் எதையும் அப்படிக் கேட்டதில்லை. ஆனால் அவர் சுவரில் சாய்ந்திருப்பதை இன்னும் ஒரு நாள் பார்க்க என்னால் முடியாது. அன்று அவர் வந்ததும் மல்லி, மிளகாய் டப்பாக்கள் இருந்த மேல் பலகையை ஒழித்துக் கொடுத்தேன். "தரையில வாணாம், தண்ணி படும். மேல வெய்யுங்க," என்றேன். அவர் கேள்வி கேட்காமல் துளைபோடும் கருவியை எடுத்துவர ஓடினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பிரியாணி வாசனை காம்பவுண்டு முழுக்க இருந்த நேரத்தில் பாட வைத்தார். முற்றத்துக் குடித்தனங்கள் எல்லாம் எங்கள் வாசலில். இவர் முள்ளை இறக்கினார். பாட்டு வந்தபோது முன்னால் நின்றவர்கள் ஒரு எட்டு பின்னால் போனார்கள். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பாடகியின் மூச்சு கேட்டது, தபேலாவில் விரல் தேய்வது கேட்டது. என் ஸ்பீக்கர் என்று நினைத்துக்கொண்டேன். பாட்டு முடிந்தது. இடைவெளி வந்தது. ஒன்றும் இல்லை. வெளியே கூட்ஸ் வண்டி இணைக்கிற சத்தமும் தூரத்தில் துறைமுகச் சத்தமும்தான். பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார்.

அந்த இடைவெளியில் இவர் தலையைத் திருப்பினார். யாரைத் தேடினார் என்று நான் பார்த்தேன். கதவோரம் நின்றிருந்த அவளை. சரியாக இருக்கிறதா என்று புருவத்தால் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த பாட்டு வந்துவிட்டது. கூட்டத்தில் வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்கு மட்டும் கண்ணீர் கண்ணை மறைத்தது. சாம்பாரைப் பார்க்கிறேன் என்று உள்ளே போனேன். அன்று பிரியாணி, சாம்பாரே வைக்கவில்லை. மேல் பலகையில் அவள் சுற்றிய டிரான்ஸ்பார்மர் மிக மெல்லிசாக, காது வைத்தால் மட்டும் கேட்கிற மாதிரி முனகிக்கொண்டிருந்தது. கை வைத்துப் பார்த்தேன். சூடே இல்லை.

அடுத்த வருஷம் அவளுக்கு அம்பத்தூர் பக்கம் பெரிய தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பின்கட்டைக் காலி செய்தாள். சாமான் ஏற்றிய கைவண்டி முன்னால் போய்விட்டது. அவள் எங்கள் வாசலில் நின்றாள். இவர் வேலைக்குப் போயிருந்தார். அவர் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வந்தாள் என்று எனக்குப் புரிந்தது.

"ஒரு பாட்டு வெய்யி," என்றாள்.

அதற்குள் எனக்கு முள் இறக்கத் தெரியும். வைத்தேன். தரையில் உட்கார்ந்து கேட்டோம். முடிந்ததும் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

"அஞ்சாறு வருஷத்துல கண்டென்சரு காஞ்சு போவும். மறுபடி உறுமும். அப்போ என் டிரான்ஸ்பார்மர கழட்டிப் பாக்கப் போறாரு, வுடாத. ரெண்டு கண்டென்சரையும் சேத்து மாத்தணும். ஒண்ண மட்டும் மாத்தினா இன்னொண்ணு போவும்."

அவரிடம் சொல் என்று அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று அவர் வந்து, "கெளம்பிட்டாங்களா?" என்றார். கெளம்பிட்டாங்க என்றேன்.

உறுமல் வந்தபோது எங்களுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. முதலில் எனக்குத்தான் கேட்டது. அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தார், மேல் பலகையில் கை வைத்தார்.

"அத்த தொடாதீங்க," என்றேன். "கண்டென்சரு காஞ்சிருக்கும். ரெண்டையும் சேத்து மாத்துங்க. ஒண்ண மாத்தினா இன்னொண்ணு போவும்."

அவர் கை அப்படியே நின்றது. என்னை முதல்முறை பார்ப்பது மாதிரி பார்த்தார். எத்தனை வருஷமாக அந்தப் பார்வைக்குக் காத்திருந்தேன். அதை அப்படியே வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அவளுடையதைத் திருடிச் சாப்பிட எனக்கு மனம் வரவில்லை.

"அக்கா சொன்னாங்க. போறப்ப."

"எப்போ?"

"அவங்க காலி பண்ண அன்னிக்கு."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். "அன்னிலேர்ந்து மனசுல வெச்சிருந்தியா?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தை எழுந்து அழுதது, தூக்கிக்கொண்டேன்.

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். சுவரில் சாய்ந்து நின்றார். பிறகு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, "வேற இன்னா சொன்னாங்க?" என்றார்.

"வேற ஒண்ணியும் சொல்லல," என்றேன். அது நிஜம்தான். ஆனாலும் சொல்லும்போது குரல் கொஞ்சம் தூக்கலாகவே வந்தது.